அலமாரியில் இருந்ததெல்லாம் கைப்பேசிக்குப் போய்விட்டது. காப்பது யார் வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஜிட்டல் தொழில்நுட்பம் அன்றாட வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது என்று பேச்செடுத்தால் பணம் அனுப்புவது, பயணச்சீட்டு எடுப்பது, பிள்ளைகள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காதது என்று மூன்று நான்கு விஷயங்களோடு முடித்துவிடுகிறோம். ஒரு வீட்டின் ஞாபகங்களும் தாள்களும் சத்தமில்லாமல் இடம் மாறிப்போனதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு வரை குடும்பப் படங்கள் ஆல்பத்தில் இருந்தன. தொலைபேசி எண்கள் ஒரு சின்ன நோட்டில், சான்றிதழ்களும் பத்திரங்களும் பெட்டியில், கடிதங்கள் நூலால் கட்டிய கட்டுக்குள். இன்று இத்தனையும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கிவிட்டன.

இடம் மட்டும் மாறியிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. காக்கும் முறையும் தலைகீழாகிவிட்டது. ஆல்பத்தை மேல்தட்டில் போட்டு முப்பது வருடம் மறந்துபோனாலும், கறையானும் ஈரமும் தொடாதவரை, எடுத்துத் தூசி தட்டினால் முகங்கள் தெரியும். காகிதம் நம் மறதியைத் தாங்கிக்கொண்டது. டிஜிட்டல் கோப்பு தாங்காது. அந்த வகையில் அது பனையோலைச் சுவடிக்குத்தான் நெருக்கம். ஓலை பொடியும் என்று தெரிந்துதான் நம் முன்னோர் காலம்தோறும் பெயர்த்தெழுதி வைத்தார்கள். பெயர்த்தெழுத ஆள் இல்லாத நூல்கள் பெயரளவில்தான் நமக்கு எஞ்சின. இப்போது அதே பெயர்த்தெழுதும் வேலை நூறாண்டுக்கு ஒருமுறை என்றில்லாமல் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை என்று நம் தலையில் விழுந்திருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் அதைச் செய்ய ஆள் இல்லை. அந்த வேலை என்ன, எங்கே தவறுகிறது என்பதைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்கவே எழுதுகிறேன்.

முதலில் கைப்பேசி கெட்டுப்போவதைப் பற்றி. 'பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் உள்ளே இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடுவார்' என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. பழைய கைப்பேசிகளில் அது ஓரளவு உண்மை. போர்டு (உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை) கெட்டாலும் மெமரி சிப்பைப் பிரித்தெடுத்துத் தனிக் கருவியில் வைத்துப் படிக்க முடிந்தது. இன்று அப்படி முடியாது. ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வரும் எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ளிருக்கும் தரவு குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்பட்டே இருக்க வேண்டும். ஐபோனில் அதற்கு முன்பிருந்தே அப்படித்தான். பூட்டைத் திறக்கும் சாவி அதே போர்டில் இருக்கும் ப்ராசசரோடு பிணைந்தது. சிப்பை மட்டும் பிடுங்கினால் கையில் மிஞ்சுவது அர்த்தமில்லாத எண்கள்தான். எனவே தண்ணீரில் விழுந்து போர்டு அரித்துப்போனால், அந்தப் போர்டையே கொஞ்ச நேரமாவது உயிர்ப்பித்தாக வேண்டும். அது எல்லாருக்கும் கைவந்த வேலை இல்லை, எல்லா நேரமும் நடப்பதும் இல்லை.

திரை மட்டும் உடைந்தால் கவலை குறைவு. தரவு அப்படியே இருக்கும். ஆனால் கேபிளைக் கணினியில் செருகினால் போதும் என்று நினைக்காதீர்கள். பூட்டைத் திறந்து, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் திரையில் தொட்டு அனுமதித்தால்தான் கணினிக்குக் கோப்புகள் தெரியும். திரை தெரிகிறது, தொடுவது மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கைப்பேசியில் யூஎஸ்பி கருவிகளைச் செருக உதவும் ஓடிஜி இணைப்பான் வழியாக ஒரு மவுஸைச் செருகிப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அம்புக்குறி வந்து வேலை முடிந்துவிடும். திரையே இருட்டென்றால் டிஸ்ப்ளே மாற்றுவதே வழி. கொடுக்கும்போது 'ரீசெட் செய்யக் கூடாது' என்று வாயால் சொல்வதோடு ரசீதிலும் எழுதி வாங்குங்கள். இன்னொன்று: அணைத்துப் போட்ட கைப்பேசி முதல்முறை கைரேகைக்குத் திறக்காது, பின் எண் அல்லது கோடு வரைந்தாக வேண்டும். விரலை வைத்தே பல மாதம் பழகிய பெரியவர்கள் பின் எண்ணை மறந்திருப்பார்கள். வீட்டில் இருக்கும் முதியவரிடம் அந்த எண் நினைவிருக்கிறதா என்று இன்றே கேட்டுப் பார்ப்பது நல்லது.

மெமரி கார்டு போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்டைச் செருகும்போது 'போர்ட்டபிள் ஸ்டோரேஜ்', 'இன்டர்னல் ஸ்டோரேஜ்' என்று இரண்டு வழி கேட்கும் கைப்பேசிகள் உண்டு. இடம் கூடுமே என்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் கார்டும் குறியாக்கம் செய்யப்பட்டு அந்த ஒரு கைப்பேசியோடு கட்டுண்டுவிடும். கைப்பேசி போனால் கார்டைக் கழற்றி வேறெதில் செருகினாலும் வெறுமையாகத்தான் காட்டும்.

'எல்லாம் கூகுளில் ஏறிக்கொண்டிருக்கிறது' என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஏறுகிறதா என்று பார்த்தவர்கள் குறைவு. கூகுள் ஃபோட்டோஸ் செயலியைத் திறந்து வலது மேல்மூலையில் உங்கள் படத்தைத் தொட்டால் பேக்கப் நிலை தெரியும். அங்கே மூன்று விஷயங்களைப் பாருங்கள். பேக்கப் இயங்குகிறதா? எந்தக் கணக்குக்கு ஏறுகிறது? எந்தெந்த ஃபோல்டர் ஏறுகிறது? கேமரா ஃபோல்டர் தானாக ஏறும். வாட்ஸ்ஆப் படங்கள், ஸ்கிரீன்ஷாட், தரவிறக்கங்கள் போன்றவற்றை நாமாகப் போய் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டால்தான் ஏறும். உறவினர் எடுத்து அனுப்பிய படங்கள் முழுக்க வாட்ஸ்ஆப் ஃபோல்டரில் இருப்பதால் இதைக் கவனிக்காத வீடுகளில் பாதிப் படங்கள் எங்கும் ஏறியிருக்காது.

இடத்தின் கணக்கும் உண்டு. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதில் மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றும் பங்கு. 2021 ஜூன் 1 வரை சற்றே சுருக்கிய படங்களை அளவின்றி ஏற்றலாம் என்றிருந்தது, அதன்பிறகு ஏற்றும் ஒவ்வொரு படமும் கணக்கில் சேர்கிறது. 2024 முதல் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்ஆப் பேக்கப்பும் இதே 15 ஜிபிக்குள் வந்துவிட்டது. ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான். நிறைந்துவிட்டால் ஒரு சின்ன அறிவிப்பு வரும். அதைத் தள்ளிவிட்டுப் போய்விடுவோம். அன்றோடு பேக்கப் நின்றிருக்கும். கூகுள் கணக்கில் இடம் முழுதும் நிறைந்தால் புது மின்னஞ்சலும் உள்ளே வராது என்பது பலருக்கு, முக்கியமான கடிதம் ஒன்று திரும்பிப் போனபிறகுதான் தெரிகிறது.

எல்லாவற்றிலும் அதிக இழப்பைத் தருவது ஒரு குழப்பம்: ஒத்திசைவு (ஓரிடத்தில் செய்யும் மாற்றம் மற்ற இடத்திலும் அப்படியே நடப்பது) வேறு, நகல் வேறு. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று படங்களை அழிக்கிறோம். 'மேலே இருக்கிறதே' என்ற தைரியம். ஆனால் ஃபோட்டோஸ் செயலிக்குள் நின்று அழித்தால் மேலே இருப்பதும் சேர்ந்தே அழியும். கூகுளில் ஏறிய படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐக்ளவுடில் 30 நாள், அதன்பின் திரும்பாது. கைப்பேசியில் மட்டும் இடம் காலியாக வேண்டுமென்றால் அதே செயலியில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனியாக ஒரு வழி இருக்கிறது. ஏறிவிட்டதை உறுதி செய்துகொண்டு கைப்பேசியில் உள்ளதை மட்டும் அது நீக்கும். ஐபோனில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' என்று வைத்திருந்தால் கையில் இருப்பது பல படங்களுக்குச் சின்ன மாதிரி மட்டுமே, மூலம் ஐக்ளவுடில் இருக்கும். அந்த நிலையில் கேபிள் போட்டுக் கணினிக்கு நகலெடுத்தால் பாதிப் படங்கள் வராது. ஏன் குறைகிறது என்று கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை.

வாட்ஸ்ஆப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய குடும்ப ஆல்பம் அதுதான். 12 மெகாபிக்சல் படம் என்பது 4000க்கு 3000 புள்ளிகள். வழக்கமான தரத்தில் அனுப்பினால் நீளப்பக்கம் சுமார் 1600 புள்ளிகளாகச் சுருங்கும். அதாவது புள்ளிகளில் ஆறில் ஒரு பங்கு மட்டும் மிஞ்சும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல அச்சுத் தரத்தில் அதை ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக அச்சிடலாம், அதற்கு மேல் பெரிதாக்கினால் குழைந்துபோகும். 2023இல் வந்த ஹெச்டி வழி கொஞ்சம் மேல், ஆனால் அதுவும் சுருக்கித்தான் அனுப்பும். படத்தைப் படமாக அனுப்பாமல், இணைப்புக்கான காகிதக் கிளிப் குறியைத் தொட்டு 'டாக்குமெண்ட்' என்பதன் வழியாக அனுப்பினால் ஒரு புள்ளி குறையாமல் மூலக் கோப்பே போய்ச் சேரும். 2 ஜிபி வரை அனுப்பலாம். ஒரு கல்யாணத்தில் பத்துப் பேர் பத்துக் கைப்பேசியில் எடுத்ததைச் சேர்க்க விரும்பினால் இந்த ஒரு பழக்கம் போதும்.

புள்ளிகள் குறைவதைவிடப் பெரிய நஷ்டம் தேதி போவது. கேமரா ஒரு படத்தை எடுக்கும்போது எடுத்த நாள், நேரம், கருவி, சில வேளை இடம் ஆகியவற்றைக் கோப்புக்குள்ளேயே எழுதி வைக்கிறது. எக்ஸிஃப் என்று பெயர். வாட்ஸ்ஆப் வழியாகப் படமாக வரும்போது இந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். வந்து சேர்ந்த கோப்பின் பெயரைப் பாருங்கள்: ஐஎம்ஜி என்று தொடங்கி, எட்டு இலக்கத்தில் ஒரு தேதி, பிறகு டபிள்யூஏ என்ற எழுத்துகளோடு ஒரு வரிசை எண். அந்த எட்டு இலக்கம் படம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்த நாள், எடுத்த நாள் இல்லை. தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படத்தை யாரோ நேற்று அனுப்பினால் அது நேற்றைய படங்களோடு போய் உட்காரும். கூகுள் ஃபோட்டோஸில் தேதியைத் திருத்தலாம். அந்தத் திருத்தம் கூகுளின் குறிப்பில் மட்டும் இருக்கும், கோப்புக்குள் ஏறாது. பின்னால் 'டேக்அவுட்' என்ற கூகுளின் தரவிறக்க வசதி வழியாக மொத்தத்தையும் இறக்கும்போது படம் ஒரு கோப்பாகவும் திருத்திய தேதி பக்கத்தில் ஜேசன் என்ற இன்னொரு கோப்பாகவும் வரும். தேவையில்லாத குப்பை என்று அந்த ஜேசன் கோப்புகளை அழித்துவிடுபவர்கள் தங்கள் திருத்தங்களை எல்லாம் சேர்த்தே அழிக்கிறார்கள். தேதியைக் கோப்புக்குள்ளேயே எழுத எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது கை வராது என்றால், கோப்பின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிடுங்கள்: 1987-05-14 என்று தொடங்கி அப்புறம் நிகழ்ச்சியின் பெயர், இருப்பவர்களின் பெயர். ஆண்டு முதலில் வந்தால் எந்தக் கணினியிலும் கால வரிசையில் தானாக அடுக்கி நிற்கும். நாளின் எண்ணை முதலில் எழுதினால் எல்லா மாதத்துப் பதினான்காம் தேதியும் ஒன்றாகக் குவியும்.

இனி, கையில் வைத்திருக்க வேண்டிய நகல். கணினி உலகத்தில் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். நகல் மூன்று, வைக்கும் சாதனம் இரண்டு வகை, ஒன்றாவது வேறொரு கூரையின் கீழ். வீட்டுக்கு இதை இப்படிச் செய்யலாம்: கைப்பேசியில் அல்லது கணினியில் இருப்பது ஒன்று, இணையக் கணக்கில் ஏறுவது ஒன்று, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் ஒன்று. அந்த டிஸ்க் கூடப்பிறந்தவர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. 20,000 படங்கள் என்றால் ஒவ்வொன்றும் 3 முதல் 4 எம்பி, மொத்தம் 60 முதல் 80 ஜிபி. இடத்தைத் தின்பது காணொளிதான். ஐபோனின் புதிய சுருக்க முறையில் 4கே தரத்தில் விநாடிக்கு 30 சட்டகம் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 170 எம்பி, பழைய முறையில் அதைப் போல இரண்டு மடங்கு. பெரும்பாலான குடும்பங்களுக்கு 1 டிபி டிஸ்க் தாராளம். விண்டோஸில் செருகினால் 931 ஜிபி என்று காட்டும். ஏமாற்றவில்லை, தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்கிச் சொல்வதை விண்டோஸ் 1024ஆல் வகுத்துச் சொல்கிறது.

பென் டிரைவை நம்பி ஒரே நகலை வைக்காதீர்கள். அதற்குள் இருப்பது மின்னூட்டமாகச் சேமித்த தகவல். மின்சாரம் படாமல் வருடக்கணக்கில் டிராயரில் கிடந்தால் மின்னூட்டம் மெல்லக் கசியும். வெப்பமான இடத்தில் கசிவு வேகம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க்குக்கும் இதே குணம் உண்டு, ஆண்டுக்கு ஓரிரு முறையாவது செருகி வைக்க வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் மின்சாரம் இல்லாமல் நெடுநாள் தாங்கும், ஆனால் ஓடும்போது மேஜையிலிருந்து விழுந்தால் பெரும்பாலும் அதோடு சரி. இரண்டில் எதுவானாலும் ஐந்தாறு ஆண்டில் புதியதற்கு மாற்றிவிடுங்கள்; வாங்கிய மாதத்தையும் ஆண்டையும் அதன் மேலேயே ஒட்டி வையுங்கள். நம்ப முடியாத மலிவில் 1 டிபி, 2 டிபி என்று விற்கும் பென் டிரைவ்கள் பல போலி. உள்ளே 32 ஜிபிதான் இருக்கும், 2 டிபி என்று பொய் சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டுச் சிப்பை மாற்றியிருப்பார்கள். நகலெடுக்கும்போது பிழை வராது, கோப்புப் பெயர்களும் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 என்ற இலவசச் சோதனை மென்பொருள்கள் டிரைவ் முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பல மணி நேரம் ஆகும், ஆனால் படங்களை ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை அது.

நகலெடுப்பதில் சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள் வரும். 4 ஜிபிக்கு மேற்பட்ட காணொளி பென் டிரைவில் ஏறாமல் 'கோப்பு மிகப் பெரியது' என்று வந்தால் அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது. காலி செய்துவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்தால் விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யும். ஆண்ட்ராய்டிலிருந்து கேபிள் வழியாக இருபதாயிரம் படத்தையும் ஒரே மூச்சில் இழுத்தால் நடுவில் தொங்கிவிடும், ஆயிரம் ஆயிரமாக எடுங்கள். ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு எடுக்கும்போது பாதியில் அறுந்தால் ஃபோட்டோஸ் செட்டிங்ஸில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று மாற்றுங்கள். போகும் வழியில் கோப்பின் வகையை மாற்ற முயல்வதுதான் அறுபடக் காரணம். முடிந்ததும் இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து கோப்பைத் திறந்து பாருங்கள், அதில் பெரிய காணொளி ஒன்றைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். முறைப்படி 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றுங்கள், கழற்றியே வையுங்கள். எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் டிஸ்க், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் கணினியோடு சேர்ந்தே பூட்டப்படும்.

டிஸ்க் 'டக், டக்' என்று சீராகத் தட்டினால் உடனே கழற்றிவிடுங்கள். படிக்கும் தலை தடுமாறுகிறது. ஒவ்வொரு முறை செருகிப் பார்க்கும்போதும் தகட்டைக் கீறிக்கொண்டிருக்கலாம். தட்டல் இல்லாமல், 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று மட்டும் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த நிலையில் பெரும்பாலும் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், அட்டவணை மட்டும் சிதைந்திருக்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் வேறொரு டிஸ்க்கில் மீட்டுக்கொள்ளலாம். கேமரா மெமரி கார்டில் தவறி அழித்ததும் இப்படி மீளும், அழித்தபின் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்காமல் இருந்தால்.

காகிதத்தை ஸ்கேன் செய்வதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஆவணத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். ஏ4 தாள் 2480க்கு 3508 புள்ளியாக வரும். சின்னப் புகைப்படத்துக்கு 600 வையுங்கள். முத்திரை, கையெழுத்து உள்ள தாளைக் கறுப்பு வெள்ளையில் எடுக்காதீர்கள், மையின் நிறமே அங்கே சான்று. கைப்பேசியால் எடுப்பதானால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, மேலே நேராகப் பிடித்து எடுங்கள். லேமினேட் செய்த தாளில் ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழும். பில் மெஷினில் வரும் வழவழப்பான ரசீது சூட்டால் கறுக்கும் காகிதம், சில மாதங்களில் வெளிறிவிடும். வாரண்டி இருக்கும் பொருளின் ரசீதை வாங்கிய அன்றே படமெடுத்து வையுங்கள். ஸ்கேன் செய்துவிட்டோம் என்று மூலத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தமிழுக்கு, உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீடுகளிலும் அச்சகங்களிலும் அது புழக்கத்துக்கு வர நெடுங்காலம் ஆனது. அதுவரை பாமினி, வானவில், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டச்சு செய்தோம். 1999இல் நடந்த தமிழ்இணையம் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. விசைப்பலகை நிலைத்தது, குறியீடுகள் யூனிகோடுக்கு வழிவிட்டன. அந்தக் காலத்துக் கோப்புகள் என்ன ஆயின? பாமினியில் அடித்த 'அம்மா' என்ற சொல்லுக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. கணினியைப் பொறுத்தவரை அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ரோமன் குறிகள். பாமினி எழுத்துரு அந்தக் கணினியில் இருக்கும்வரை கண்ணுக்கு 'அம்மா'. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். மனிதர்கள் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு, ஊர்ச் சங்க மலர், குடும்ப மரம், ஆய்வேடு என்று எத்தனையோ கோப்புகள் இப்படிக் கிறுக்கலாகக் கிடக்கின்றன. கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள்.

கெடவில்லை. வேர்டு கோப்பாக இருந்தால் அந்தக் கிறுக்கலின் மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெயர்ப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் அங்கே இருக்கும். பெயர் தெரிந்தால் அதற்கான யூனிகோடு மாற்றி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஆங்கிலமும் தமிழும் கலந்த பக்கத்தை மொத்தமாக மாற்றினால் ஆங்கிலச் சொற்கள் தமிழ்க் கிறுக்கலாகிவிடும், அதனால் தமிழ்ப் பத்திகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். மாற்றியபின் மெய்ப்புப் பார்ப்பது கட்டாயம். கண்ணை ஏமாற்றும் பிழைகள் சில உண்டு. காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலத் தெரியும். 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதில் 'ஒ', 'ள' என்று இரண்டெழுத்து உட்கார்ந்திருக்கும். 'கௌ' வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பு போட்ட 'கெ'யும் பக்கத்தில் ளகரமும் இருக்கும். படிக்கும்போது வித்தியாசமே தெரியாது. 'கௌரி' என்று தேடினால் மட்டும் கிடைக்காது. பிடிஎஃப் கோப்பு என்றால், பார்க்க அழகாக இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கல் வரும், ஏனென்றால் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கிறது. அதை அதே மாற்றியில் போட்டுப் பார்க்கலாம். முடியாவிட்டால் டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளால் படத்திலிருந்தே எழுத்தை எடுக்கலாம். தெளிவான அச்சுக்கு இன்று நன்றாகவே எடுக்கிறது, கையெழுத்துக்கு இன்னும் நம்ப முடியாது.

கடைசியாகச் சாவிகள். எல்லாம் சரியாக ஏறியிருக்கிறது, மூன்று நகல் இருக்கிறது, ஆனால் திறக்க வழி இல்லை என்றால் என்ன பயன்? கணக்குக்குள் நுழைய வரும் ஓடிபி பெரும்பாலும் ஒரு கைப்பேசி எண்ணுக்கு வருகிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் முடங்கி, சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். ஓடிபியும் அவருக்கே போகும். எண்ணை மாற்றும் அன்றைக்கே மின்னஞ்சல், வங்கி, மற்ற கணக்குகளில் புது எண்ணைப் பதிந்துவிட்டுப் பழையதை விடுங்கள். கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் 'பேக்கப் கோட்ஸ்' என்று எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் ஒருமுறைக்கு. கைப்பேசி தொலைந்த நாளில் உள்ளே விடுவது அவைதான். தாளில் எழுதிப் பத்திரங்களோடு வையுங்கள். கைப்பேசியிலேயே படமெடுத்து வைத்தால் கைப்பேசியோடு போய்விடும். வாட்ஸ்ஆப் பேக்கப்புக்குக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ போட்டிருந்தால் அதையும் எழுதி வையுங்கள். அதை மறந்தால் அந்த நிறுவனத்தாலும் திறக்க முடியாது.

ஒருவர் இறந்துபோனால் அவர் கணக்கு என்ன ஆகும் என்பதை உயிரோடிருக்கும்போதே அவர்தான் தீர்மானித்து வைக்க வேண்டும். கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்' என்ற ஏற்பாடு 2013 முதல் இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் கணக்கு அசையாமல் இருந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும், எதையெல்லாம் தர வேண்டும் என்று பத்துப் பேர் வரை குறித்து வைக்கலாம். ஆப்பிளில் 'லெகசி கான்டாக்ட்' 2021 டிசம்பரில் வந்தது. அதில் தரும் சாவியும் இறப்புச் சான்றிதழும் இருந்தால் படங்களும் குறிப்புகளும் கிடைக்கும், சேமித்த கடவுச்சொற்கள் கிடைக்காது. எதுவும் செய்யாமல் விட்டால், இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. அம்மாவின் குரல் பதிவுகள் 'எப்படியும் அவர் கணக்கில் இருக்கும்' என்று நினைத்து இரண்டு வருடம் விட்டவர்களுக்கு இது பேரிடி. பெற்றோரின் கணக்கில் ஆண்டுக்கு இருமுறையாவது ஒரு மின்னஞ்சலைத் திறந்து பாருங்கள், பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கு அதுவே போதும்.

ஆசிரியர் அவர்களே, இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். மேலே சொன்னவற்றில் பல, கைப்பேசி மெனுவில் ஆங்கிலப் பெயரோடு இருக்கின்றன. மொழியைத் தமிழுக்கு மாற்றினால் ஒரே வசதி ஒரு நிறுவனத்தின் கைப்பேசியில் ஒரு சொல்லாகவும் இன்னொன்றில் வேறு சொல்லாகவும் வருகிறது. ஆங்கிலம் தெரியாத பெரியவர்கள் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். மாதம் ஒரு வேலை வீதம், திரையின் படத்தோடு, எந்தச் சொல்லைத் தொட வேண்டும் என்று இரு மொழியிலும் காட்டி ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். கத்தரித்துக் கைப்பேசி உறைக்குள் வைத்துக்கொள்ளும் அளவில் அது இருக்கட்டும்.

இரண்டாவது, தமிழ் நாளிதழ்கள் இணையத்துக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பலவும் தமக்கென ஓர் எழுத்துருவை வைத்துப் பக்கங்களை வெளியிட்டன. அன்றைய செய்திகளும் இரங்கல் குறிப்புகளும் வாசகர் கடிதங்களும் இன்று தேடினால் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கிறுக்கல். தங்கள் அலுவலகத்தின் ஏதோ ஒரு டிஸ்க்கில் அந்தக் கோப்புகள் இருக்கக்கூடும். அந்த எழுத்துருவின் அட்டவணையை அறிந்தவர்கள் இன்னும் பணியில் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றி, பழைய தேதியிலேயே மறுபடி ஏற்றித் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்